சிம்மில் வை!

2018-ல் ஆபீஸ் வேலையாக எட்டு மாசம் டப்ளினில் இருந்தேன். கூட வேலை பார்த்த ஓர் ஐரிஷ்காரனோடு ஒரே வீட்டில் ஜாகை. வாடகையில் பாதி அவன், பாதி நான். சமையல் முழுக்க அவன். எனக்குச் சமைக்கத் தெரிந்த ஒரே ஐட்டம், வெந்நீர்.

ஒரு வியாழக்கிழமை மீட்டிங்கில், "கணக்கு எப்படித் தப்பாச்சு?" என்று பாஸ் கத்தினார். பழைய ஃபைலை அனுப்பிய புண்ணியவான் நான்தான். வாயைத் திறக்கவில்லை. பழி அவன் தலையில் விழுந்தது. அவன் அங்கேயும் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்தும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாளிலிருந்து ஒரு 'குட்மார்னிங்'கோடு சரி.

மழை நாளில் அவன் மாட்டுக்கறி ஸ்ட்யூ செய்வான். அதை நானே செய்துவைத்து, சாப்பிடும்போது விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். (வயிறு நிறைந்தவன் அடிக்க மாட்டான்!)

சனிக்கிழமை கறிக்கடையில், "இருக்கறதிலேயே மெத்துனு இருக்கற கறியாக் குடுங்க" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "ஸ்ட்யூவுக்கா? வீண். கால் கறி வாங்கிக்கோ தம்பி. ஜவ்வு ஜாஸ்தி. ஆனா மெல்லிசான சூட்டுல ரெண்டரை மணி நேரம் கிடந்தா அந்த ஜவ்வே கரைஞ்சு, குழம்பு கெட்டியாயிடும்."

தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை.

ஞாயிறன்று அவன் வெளியே போனதும் ஆரம்பித்தேன். ஒரு கிலோ கறியை ஈரம் போகத் துடைத்து, உப்பு, மிளகுத்தூள், மைதாவில் புரட்டி, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் சிவக்க வறுத்தேன். அதே பாத்திரத்தில் வெங்காயம், பூண்டு, கேரட், ஒரு ஸ்பூன் தக்காளி பேஸ்ட். அப்புறம் ஒரு கேன் கின்னஸ் பீர். டிகாக்ஷன் மாதிரி கறுப்பாக, நுரைத்துக்கொண்டு இறங்கியது. அதே அளவு எலும்பு சூப், பிரிஞ்சி இலை.

மணி பன்னிரண்டரை. ஒன்றரைக்கு வந்துவிடுவான். அடுப்பை முழுசாகத் திருகினேன்.

ஒரு மணி நேரம் கழித்து ருசி பார்த்தேன். கறி, ஸைக்கிள் ட்யூப். குழம்பு, கஷாயம். சரியாக அப்போது கதவு திறந்தது.

பாத்திரத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அடுப்பைச் சிம்முக்குக் குறைத்தான். கொஞ்சம் தண்ணீர், கசப்புக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு மூடினான்.

"இன்னும் ஒண்ணரை மணி நேரம். உருளைக்கிழங்கைக் கடைசி முக்கால் மணிக்குப் போட்டாப் போதும்."

"அவ்வளவு நேரமா?"

"பீர் காய்ச்ச ஆர்தர் கின்னஸ் 1759-ல இடத்தைக் குத்தகைக்கு எடுத்தார். எத்தனை வருஷத்துக்குத் தெரியுமா? ஒன்பதாயிரம்! உனக்கு ஒண்ணரை மணி நேரம் அதிகமா?"

மூணு நாளில் அவன் பேசிய முதல் பேச்சு. எங்கேயும் ஓட முடியாது. உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே, நிமிராமல் சொன்னேன்: "அந்தப் பழைய ஃபைலை அனுப்பினது நான்தான்."

"தெரியும். அதுல உன் பேர் இருந்துதே."

"பின்னே ஏன் மீட்டிங்ல சொல்லலே?"

"நீயா சொல்றியான்னு பார்த்தேன். மூணு நாளாச்சு. கால் கறியே தேவலைப்பா!"

மூணு மணிக்கு மூடியைத் திறந்தோம். ஸ்பூன் பட்டதும் கறி பிரிந்து வந்தது. கசப்பு அடங்கி, வறுத்த வாசனை மட்டும் நின்றது. இரண்டு பேரும் பாத்திரத்தை வழித்தோம்.

திங்கட்கிழமை நேரே பாஸ் ரூமுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அரை மணி நேரம் காய்ச்சினார். முழுச் சூட்டில்! ஆனாலும், வெளியே வந்தபோது அவன் கண்ணைப் பார்க்க முடிந்தது.

அன்று ராத்திரி ஊரிலிருந்து அம்மா போன். "நேத்து என்னடா சாப்பிட்டே?"

"உருளைக்கிழங்குக் குழம்பும்மா."

பொய்யில்லை ஸார். ஆறு கிழங்கு போட்டோமே! எல்லா உண்மையையும் ஒரே வாரத்தில் சொல்லிவிட முடியுமா? அது இன்னும் சிம்மில் இருக்கிறது.