தலையாட்டிக்கு ஒரு படம்

‘த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்’ படத்தைத் திரும்பவும் பார்த்தேன். 1965இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஜோன் லு காரேயின் நாவலை மார்ட்டின் றிட் இயக்கியிருந்தார். லு காரே பிரித்தானிய உளவுத்துறையில் வேலை பார்த்தவர். அதனாலோ என்னவோ, இதில் சாகசமே இல்லை. றிச்சர்ட் பேர்ட்டன் களைத்த முகத்தோடு நடந்து திரிகிறார். பெர்லின் சோதனைச்சாவடியை டப்ளினில் செட் போட்டு எடுத்தார்களாம், நம்பவே ஏலாது.

எங்கட சனத்துக்குச் சாவடி புதிதில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது வேறு இடத்தில். தன் ஆள் ஒருவனைக் காப்பாற்ற, ஒன்றும் அறியாத நூலகப் பெட்டை ஒருத்தியையும் உளவுத்துறை மேலிடம் துணிந்து பகடைக்காயாக்குகிறது. அதைப் பார்க்க எங்கட ஊர்த் தலையாட்டிகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

யுத்தகாலத்தில், யாழ்ப்பாணத்தில் இராணுவச் சுற்றிவளைப்பு நாட்களில் ஊர்ச்சனத்தைக் கோயில் வீதியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ இருத்திவிட்டு, ஒவ்வொருவராக நடக்கவிடுவார்கள். முன்னால் முகம் மூடிய தலையாட்டி இருப்பான். சாக்கில் இரண்டு ஓட்டை, அதற்குள் கண். தலை ஆடினால் அந்தப் பெடியன் தனியாக ஏற்றப்படுவான். ஆட்டினவர்களிலும் எத்தனையோ பேர் அடி தாங்க ஏலாமல் வந்த பெடியள்தான். தேவை முடிந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருவரும் கேட்டு நான் கண்டதில்லை.

2013இல் வந்த ‘மெட்ராஸ் கஃபே’ யாழ்ப்பாணத்தை உளவுப்படத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் இந்திய உளவு அதிகாரியின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் எங்களைப் பார்த்தது. அந்தச் சாக்குக்குள் இருந்தவனின் பக்கமிருந்து, றிட்டின் நிதானத்தோடு, எங்கட பிள்ளைகள் யாராவது ஒரு படம் எடுக்கவேணும். லு காரேயின் நாவலையும் வாசித்துவிட்டு எடுங்கோ.