நகச்சுத்து

எங்கள் பக்கம் நகச்சுத்து என்போம். நகத்தோரம் சிவந்து வீங்கி, ராத்திரியெல்லாம் விண்விண்ணென்று தெறிக்கும். எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலுக்குத் தொப்பி போட்டுவிடுவார்கள். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் என் சின்னம்மாவுக்கு மூன்று மாதமாக நான்கு விரல்களில் இருந்தது. நான்கு தொப்பியோடு கூடை தூக்க முடியாது.

பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் பலகையால் வாரி வரப்போரம் குவிப்பார்கள். அதை அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள். ஈர உப்பிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். பரல் நகக்கண்ணில் குத்தும். குத்திய இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் பட்டைகள் இரண்டு தீர்ந்த பிறகுதான் மருத்துவரிடம் வர ஒப்புக்கொண்டார். திடீரென ஒரு விரலில் வருவது பெரும்பாலும் பாக்டீரியாவால். அதற்கு இளஞ்சூட்டு வெந்நீரில் 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை விரலை வைக்க வேண்டும். சீழ் கட்டினால் மருத்துவர்தான் கீறி எடுக்க வேண்டும், வீட்டில் ஊசியால் குத்தக் கூடாது. 6 வாரம் தாண்டி நீடிப்பது வேறு ரகம். ஓயாத ஈரத்தில், நகத்தையும் தோலையும் ஒட்டவைத்திருக்கும் மெல்லிய தோல் அழிந்துபோகிறது. அந்த இடைவெளியில் உப்பும் சோப்பும் இறங்கி அரிக்கின்றன. முன்பெல்லாம் பூஞ்சையைத்தான் முதல் காரணமாகச் சொன்னார்கள். இப்போது ஈரமும் அரிப்பும்தான் மூலம், பூஞ்சை பின்னால் வந்து சேர்வது என்கிறார்கள். அதனால்தான் அந்த மாத்திரைகள் கேட்கவில்லை. ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

"ரெண்டு மாசம் கை நனையாம பாத்துக்குங்கம்மா."

வெளியே வந்ததும் சின்னம்மா சிரித்தார். "அளத்த வுடு பாப்பா, ஊட்டுல யாரு பாத்திரம் கழுவுறது?"

மருத்துவப் புத்தகங்கள் இந்த நோய்க்கு ஆளாகிறவர்கள் என்று பாத்திரம் கழுவுகிறவர்களை, துணி துவைக்கிறவர்களை, வீட்டு வேலை செய்கிறவர்களை வரிசையாகச் சொல்கின்றன. யாருடைய நோய் என்பது அவற்றுக்குத் தெரிந்தே இருக்கிறது. அவளுக்குப் பதில் யார் நனைவது என்பதற்கு மட்டும் சீட்டில் இடமில்லை.

உள்ளே பருத்தி, மேலே ரப்பர் என்று இரண்டு உறை போடச் சொன்னார்கள். சித்திரை வெயிலில் அரைமணிக்குள் உள்ளே வியர்வை குளம் கட்டியது. உப்புப் பரலும் புகுந்துகொண்டது. கழற்றி வரப்பில் போட்டுவிட்டார். அளம் மூடிக் கிடக்கும் மழைக்காலத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. விரலுக்கு அப்படி ஒரு மழைக்காலம் கிடையாது. கூலி நாள் கணக்கு, போகாத நாளுக்குக் காசில்லை.

அளத்தை நிறுத்த முடியாது என்றானபோது வீட்டைப் பற்றிப் பேசினோம். கொஞ்சம் சத்தமாகவே. இப்போது சித்தப்பா சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் கழுவுகிறார், கதவைச் சாத்திக்கொண்டு. தட்டுகள் தம்பி. துணி இன்னும் சின்னம்மாதான். இடது கை மோதிர விரலில் புதுத்தோல் ஒட்டத் தொடங்கியிருக்கிறது. மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன.