நாட்காட்டி சொல்லாத நாள்



ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று யாராவது கேட்டால் உங்கள் தலை கவிழ்ந்துவிடுகிறதா? மூன்று ஆண்டுகள் நானும் அப்படித்தான் நின்றேன். அந்நாட்களில் நான் அறியாதிருந்த சிலவற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

திருமணமாகித் திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு வந்தேன். தாராவியில் ஒரே அறையுள்ள வீடு. மாமியாரும் எங்களோடு இருந்தார்கள். கணவருக்கு ஒரு வாரம் பகல் வேலை, மறுவாரம் இரவு வேலை. விலக்கான முதல் நாளிலிருந்து 14ஆம் நாளே கருத்தரிக்கும் நாள் என்று கேள்விப்பட்டு, அதை மட்டும் நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பேன். மாதந்தோறும் ஏமாற்றமே மிஞ்சியது.

ஒரு பெண் மருத்துவர் அந்த நாட்காட்டியைப் பார்த்தார். "உங்களுக்கு 34 நாட்களுக்கு ஒருமுறையல்லவா விலக்கு வருகிறது? 14ஆம் நாள் என்பது 28 நாள் கணக்கு. அடுத்த விலக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்புதான் கருமுட்டை வெளிவரும். உங்களுக்கு அது 20ஆம் நாளை ஒட்டி இருக்கலாம்" என்றார். பின்பு, "பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் வழுவழுப்பாக, இழுத்தால் நூலாக நீளும் நீர் கசிவதுண்டா?" என்று கேட்டார்.

நான் நாணிப்போனேன். அதை நோய் என்று எண்ணி, சரியாக அந்த நாட்களில்தான் கணவரை விட்டு விலகியிருந்தேன்! கருமுட்டை வெளிவரப் போவதற்கு உடல் தரும் அடையாளம் அதுவே என்றார் மருத்துவர். துர்நாற்றமோ அரிப்போ இருந்தால் சிகிச்சை வேண்டுமாம்.

கருமுட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடிராது. ஆணின் உயிரணுவோ ஐந்து நாட்கள் வரை காத்திருக்கும். ஆகவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே ஏற்ற காலம். சிலருக்கு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் இலேசான வலி தோன்றும். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் பார்த்தால் உடல்வெப்பம் சற்றே உயர்ந்திருக்கும். ஆனால் அது முட்டை வெளிவந்த பின்பே தெரியும். மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை, பெரும்பாலும் ஓரிரு நாள் முன்னதாகவே காட்டிவிடும்.

மருத்துவர் என் கணவரையும் பரிசோதனைக்கு அழைத்தார். தயங்கினாலும் அவர் சென்றார். குறை பெண்ணிடமே இருக்கும் என்று எண்ணுவது அநியாயமல்லவா?

ஏழு மாதங்களுக்குப்பின் நான் கருவுற்றேன். எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால், 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதத்திலேயே, இருவருமாக மருத்துவரைக் காணுங்கள். விலக்கு ஒழுங்கற்று வந்தால் அதுவரையும் காத்திராதீர்கள். ஜெபிக்கிற வீட்டில் மருத்துவருக்கும் இடமுண்டு.

சபை வாசலில் அந்தக் கேள்வியை நான் இப்போது யாரிடமும் கேட்பதில்லை. நீங்களும் கேளாதிருங்கள்.