வின்னிபெக் சீட்டுக்கு நாமக்கல் வைத்தியம்

நாமக்கல்
7.12.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுவது. பெரியம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

உன் கார் சீட் சூடாகவில்லை என்று உங்கப்பன் சொன்னான். அங்கே ஒர்க்‌ஷாப்பில் சீட்டையே மாற்றணும் என்று பெரிய தொகை சொன்னார்களாம். மாப்பிள்ளை யூடியூப் பார்த்துவிட்டு, சூட்டை அளக்கும் சென்சாரை விட்டுவிட்டு பேட்டரியிலிருந்து நேரே வயர் கொடுத்துவிடலாம் என்கிறாராம். இரண்டுமே வேண்டாம். போனில் சொன்னால் பாதி நினைவில் நிற்காது என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

என் வயரிங் கடையில் விஷயத்தைச் சொன்னதும் பையன்களுக்கு ஒரே சிரிப்பு. நம் ஊர் டிரைவர் கேட்பதெல்லாம் சீட் குளிரணும் என்றுதானே. பழைய லாரியில் இன்ஜின் கேபினுக்குள்ளேயே இருக்கும். சித்திரை வெயிலில் சேலம் தாண்டுவதற்குள் டிரைவரின் இடது தொடை வெந்துவிடும். அதற்காகத்தான் மணி கோத்த பாயை சீட்டில் விரித்துக்கொள்வார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. ஆனால் நம் ஊர் வழியாகப் போகும் அதே 44ஆம் நம்பர் சாலைதான் ஸ்ரீநகர் வரைக்கும் போகிறது. தை மாசம் பானிபட் பக்கம் பனியில் போய்வந்தவனைக் கேட்டுப்பார், அந்த இன்ஜின் பானட்டின் அருமையைச் சொல்வான். உங்கள் வின்னிபெக்கிலோ இன்ஜினே உறைந்துபோகாமல் இருக்க, நிறுத்துமிடத்தில் பிளக் வைத்துக் கரன்ட் கொடுக்கிறார்கள். 1966லேயே கேடிலாக் கார்க்காரன் சூடாகும் சீட்டை விற்க ஆரம்பித்ததில் ஆச்சரியமில்லை. பிஎம்டபிள்யூ கம்பெனி சில நாடுகளில் சீட் சூட்டுக்கு மாசச் சந்தா கேட்டு, ஊர் திட்டியதும் 2023ல் கைவிட்டது. சீட்டில் உட்காரக் கேபிள் டிவி மாதிரி வாடகையா!

சங்கதிக்கு வருகிறேன். சீட் துணிக்கு அடியில் ஒரு மெல்லிய பாய் இருக்கும். அதில் வளைந்து வளைந்து ஓடும் கம்பியோ கார்பன் நாரோதான் சூடேறுகிறது. டீசல் ஜீப்பின் ஹீட்டர் பிளக் வேலை செய்வது போலத்தான் இதுவும். அதை நான் எத்தனையோ மாற்றியவன், பயப்படாதே.

முதலில் இன்ஜினை ஓடவிட்டு சுவிட்சைப் போடு. பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் பல கார்கள் சீட் ஹீட்டரைத் தானாகவே நிறுத்திவிடும். லைட் எரிந்து சில நொடியில் அணைந்தால், பாயிலோ சென்சாரிலோ கோளாறு இருப்பதை கன்ட்ரோல் யூனிட் கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். லைட்டே எரியாவிட்டால் பியூஸைப் பார். பக்கத்து சீட் சூடாகிறதா என்றும் பார். பியூஸ் நல்லதாக இருந்து, அடிச்சீட்டும் முதுகுச்சீட்டும் சேர்ந்தே செத்திருந்தால் இரண்டும் செத்துவிட்டன என்று நினைக்காதே. பல கார்களில் இரண்டையும் வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒன்று அறுந்தால் இரண்டும் நிற்கும்.

சீட்டுக்கு அடியில் கை வைக்கும் முன் சுவிட்சை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்று. கார் புத்தகத்தில் சொல்லியிருக்கும் நேரம் காத்திரு. அங்கே மஞ்சள் கனெக்டர் ஒன்று இருக்கும், அது ஏர்பேக்கினுடையது. அதைத் தொடாதே, கழற்றாதே, மீட்டர் முள்ளை அதில் வைக்கவே வைக்காதே. மீட்டரின் சின்னக் கரன்ட்டே ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம்.

மீட்டரை ஓமில் வை. இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3 மாதிரி ஏதாவது காட்டும். அது வயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ், அளவில் கழித்துக்கொள். பிறகு ஹீட்டர் கனெக்டரின் தடித்த வயர் இரண்டிலும் வை. பல கார்களில் சில ஓம்தான் காட்டும். 2.5 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், 58 வாட் சூடு. ஒன்றுமே காட்டாவிட்டால் பாய் அறுந்துவிட்டது. சரியாகக் காட்டினால் மாப்பிள்ளையைச் சீட்டின் வெளி ஓரத்தில் முட்டி போடச் சொல், நீ மீட்டரைக் கவனி. எண் குதித்தால் கோளாறு அங்கேதான். காரில் ஏறும்போது முட்டி ஊன்றி ஊன்றி அறுவது பெரும்பாலும் அந்த ஓரம்தான். மெல்லிய வயர் இரண்டும் சென்சாருக்கு உரியவை. பல கார்களில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும், உள்ளங்கைச் சூடு பட்டதும் குறைய வேண்டும்.

அந்தச் சென்சாரைத்தான் மாப்பிள்ளை தூக்கி எறியப் பார்க்கிறார். அது இல்லாவிட்டால் பாய்க்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது. தண்டுவடம் பாதித்தவர்கள், உடலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூடு தெரியாமலே சீட்டில் உட்கார்ந்து தோல் வெந்துபோயிருக்கிறார்கள். 2011ல் அமெரிக்காவில் இதைப் பற்றிப் பாதுகாப்பு ஆர்வலர்கள் அரசாங்கத்திடமே முறையிட்டார்கள். உங்கப்பன் தையில் அங்கே வருகிறான். சர்க்கரையில் அவனுக்குக் கால் மரத்துப்போய் வருஷம் ஆச்சு. செருப்பு கழன்றது தெரியாமல் சந்தை வரைக்கும் நடந்துபோன ஆள். நல்லா இருக்கிற சீட்டிலேகூட அவனை ரொம்ப நேரம் ஹை-யில் உட்கார வைக்காதே.

பாய் அறுந்திருந்தால் பாயை மட்டும் மாற்றலாம், சீட் முழுவதும் வேண்டியதில்லை. ஏர்பேக் இருக்கும் சீட்டென்பதால் உறையை நீங்களே பிரிக்காதீர்கள். விஷயம் தெரிந்த குஷன் கடையில் கொடுங்கள். அவர்கள் கம்பி வளையங்களை வெட்டி உறையை எடுத்து, பாயைப் போட்டு, புது வளையம் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். அறுந்த இடத்தில் ஒட்டுப்போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல். கார்பன் நாரில் ஈயம் பிடிக்காது. எதில் போட்டாலும் ஒட்டு சரியில்லாவிட்டால் அந்த இடம் மட்டும் அதிகமாகக் காயும். பக்கத்து சீட் என்றால் இன்னொரு விஷயம்: ஆள் உட்கார்ந்திருப்பதை ஏர்பேக்குக்குச் சொல்லும் சென்சாரும் அங்கே இருக்கும், சில கார்களில் ஹீட்டரோடு சேர்ந்தே வரும். அதைக் கம்பெனி ஆளிடம் விட்டுவிடு.

உறையைப் பிரிக்கும்போது நுரையில் பழுப்பாகக் கருகின புள்ளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல். துணியில் இப்போதே கருகல் வாசனை வந்தாலோ, ஓரிடம் மட்டும் சுட்டாலோ, இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் பியூஸைக் கழற்று. பியூஸ் அடிக்கடி போகிறது என்று 15 ஆம்பியர் இடத்தில் 30 போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. எரிந்துபோன வயரிங்கோடு வண்டி என் கடைக்கு வருவது பாதி அதனால்தான்.

மீட்டர் காட்டிய எண்களையும் கனெக்டர் போட்டோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த நேர் வயர் வேலையை மாப்பிள்ளை செய்ய வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா