ஐயாற்றங்கரையில் ஆயிரம் குரல்கள்

தஞ்சாவூரிலிருந்து வடக்கு நோக்கித் திருவையாற்றுக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுடையது. அந்தச் சிறு தொலைவுக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடந்துவிடுகிறோம். அதனாலேயே இத்தலம் ஐயாறு எனப் பெயர் பெற்றது என்பர். இங்கு எழுந்தருளியிருக்கும் பெருமான் ஐயாறப்பர்; வடமொழியில் பஞ்சநதீசுவரர். அம்பிகை அறம் வளர்த்த நாயகி. தர்மசம்வர்த்தனி என்பதும் அவளது திருநாமமே.

தேவாரம் பெற்ற இத்தலத்தை அப்பர் பெருமானின் கயிலைக் காட்சியோடு சேர்த்தே அடியார்கள் நினைப்பது வழக்கம். முதுமையில் கயிலையைக் காண விழைந்து வடதிசை சென்றார் அவர். கால்கள் தேய்ந்தன, கைகளால் ஊர்ந்தார். கைகளும் தேய்ந்தன, மார்பால் தவழ்ந்தார். அதுவும் இயலாத நிலையில், அங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு இறைவன் பணித்தார். மூழ்கியவர் திருவையாற்றுத் திருக்குளத்தில் எழுந்தார். எதிரே களிறும் பிடியும், சேவலும் பேடையும் இணை இணையாக வர, அவற்றிடையே சிவமும் சக்தியுமாகக் கயிலைக் காட்சியைக் கண்டு பாடினார். உடல் ஓய்ந்த பின்பும் பாட்டு ஓயவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இத்திருக்கோயிலின் தெற்குப் பிராகாரத்தில் ஓரிடத்தில் நின்று ‘ஐயாறா’ என்று உரக்க அழைத்தால், அக்குரல் ஏழு முறை எதிரொலிக்கும் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் சிறப்பு. பேரக் குழந்தைகளை அழைத்துச் செல்வோர் அவர்களை அங்கே நிறுத்தி அழைக்கச் சொல்லலாம். ஒரு குரல் பலவாகிப் பெருகுவதைக் கோயிலில் கேட்டபின், பல குரல்கள் ஒன்றாகிப் பெருகுவதைக் கேட்கக் காவிரிக் கரைக்குச் செல்வோம்.

சத்குரு ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் 1767-ஆம் ஆண்டு திருவாரூரில் அவதரித்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவையாற்றில் திருமஞ்சன வீதியில் இருந்த தம் இல்லத்திலேயே கழித்தார். அரசவையின் அழைப்பையும் பொருளையும் நாடாமல், உஞ்சவிருத்தி எடுத்து, இராமபிரானைப் பாடியே வாழ்ந்தார். ஐயாறப்பர் மீதும் அறம் வளர்த்த நாயகி மீதும் அவர் பாடிய கிருதிகள் உண்டு. நிறைவில் சந்நியாசம் ஏற்று, 1847 ஜனவரி 6 அன்று, புஷ்ய பகுள பஞ்சமி நாளில் சித்தியடைந்தார். காவிரிக் கரையில் அவருடைய சமாதி அமைந்தது.

மார்கழியின் பிற்பகுதியிலோ தையிலோ வரும் அந்தத் தேய்பிறைப் பஞ்சமியே ஆராதனை நாள். அதனை நிறைவாகக் கொண்டு சில நாட்கள் விழா நடைபெறுகிறது. பஞ்சமி சனி, ஞாயிறுகளை ஒட்டி அமையும் ஆண்டுகளில், வெளியூர் அன்பர்களுக்கு இரண்டு நாட்களே போதுமானவை. முதல் நாள் மாலை கச்சேரிகளைக் கேட்டு, மறுநாள் காலை கோஷ்டி கானத்தில் அமரலாம்.

இங்கு நடைபெறும் கச்சேரிகள் சபாக்களில் நாம் கேட்பவற்றைப் போன்றவை அல்ல. சபையில் இரண்டு மணி நேரம் பாடும் பெரிய வித்துவானும் இங்கே சில நிமிடங்களே பாடுவார். ஒருவர் ஒரு கிருதியைப் பாடி வணங்கி எழுந்ததும் அடுத்தவர் வந்து அமர்வார். புகழ்பெற்றவருக்குப் பின்னால் இசைப் பள்ளி மாணவி வருவாள். அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு சிற்றூரிலிருந்து வந்த பாட்டு ஆசிரியர் வருவார். சன்மானம் கிடையாது. பாடுவதே அங்கு காணிக்கை. காலையில் தொடங்கி இரவு வரை இந்த வரிசை நீள்கிறது.

பஞ்சமி நாள் காலையில், திருமஞ்சன வீதி இல்லத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனையோடு ஊர்வலம் புறப்பட்டுச் சமாதியை அடைகிறது. பந்தலில் ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமுமாக நூற்றுக்கணக்கான கலைஞர்கள் நெருக்கமாக அமர்ந்திருப்பார்கள். அவர்களைச் சூழ்ந்து பல்லாயிரவர் அமர்ந்திருப்பர். சந்நிதியில் அபிஷேகம் நடைபெறும் வேளையில், புல்லாங்குழலில் பைரவி ராகக் கிருதி ஒன்று எழுகிறது. அதன்பின் பஞ்சரத்ன கீர்த்தனைகள் தொடங்குகின்றன.

நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் அமைந்த ஐந்து கிருதிகள் இவை. முதலாவது வடமொழியிலும் மற்ற நான்கும் தெலுங்கிலும் அமைந்தவை. ஐந்தும் ஆதி தாளம். ஆதலால் பந்தல் முழுவதும் கைகள் ஒரே வேளையில் எழுந்து ஒரே வேளையில் விழுகின்றன. முதலில் ஸ்வரம், பிறகு அதற்குரிய சாஹித்யம் என்று மாறி மாறிப் பாடப்படுகின்றன. நாட்டையில் இராமபிரானின் நாமங்களும் குணங்களும் பொழிகின்றன. கௌளையில் சுவாமிகள் தம் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, தம்மைக் காப்பவர் யார் என்று இரங்குகிறார். ஆரபியில் கண்ணனின் சாதுரியத்தை உரிமையோடு பழிப்பது போலப் புகழ்கிறார். வராளியில் பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத பேரழகில் உருகுகிறார். ஸ்ரீராகத்திலோ மகான்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் வணக்கம் செலுத்தி நிறைவு செய்கிறார்.

கௌளை பாடப்படும்போது சற்றே சுற்றிலும் நோக்க வேண்டும். விருது பெற்றவரும் வயலிலிருந்து வந்தவரும் ஒரே சொற்களால் தம் குறைகளை இறைவனிடம் முறையிடுகிறார்கள். அங்கே யாருடைய குரல் இனிமையானது, யாருடைய குரல் கம்மியது என்று பிரித்தறிய இயலாது. அத்தனை பேரும் சேர்ந்த அந்த ஒலியே செவியில் நிற்கிறது.

இந்தக் காட்சியைக் காண்போர், அது என்றைக்கும் இப்படியே இருந்ததென்று எண்ணக்கூடும். அப்படியன்று. சுவாமிகள் சித்தியடைந்த பின் காலப்போக்கில் சமாதி சிதைவுற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைச் சீர்செய்தனர். ஆராதனை வளர வளரப் பிளவும் வந்தது. பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டாகப் பிரிந்து தனித்தனியே விழா எடுத்தார்கள். இரு கட்சியிலும் பெண்களுக்குச் சந்நிதியில் பாட இடமில்லை.

அந்நாளில் சென்னையில் புகழோடு விளங்கியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் 1878-இல் பிறந்தவர். சங்கீதத்திலும் வடமொழியிலும் தேர்ந்தவர். சமாதியின் சிதைந்த நிலையைத் தெரிவித்து அவருடைய குருவான பிடாரம் கிருஷ்ணப்பா 1921-இல் கடிதம் எழுதினார். அம்மையார் பாடிச் சேர்த்த பொருளையும் சொத்தையும் நகைகளையும் செலவிட்டு, நிலத்தைப் பெற்று, இன்று நாம் வணங்கும் சந்நிதியை எழுப்பினார். ஆலயத்தைக் கட்டியவருக்கே ஆராதனையில் பாட அனுமதி இல்லை என்ற நிலை நீடித்தபோது, 1920களின் பிற்பகுதியில் பெண்களைக் கொண்டே தனியாக ஆராதனை நடத்தினார். அது மூன்றாவது கட்சியாயிற்று.

பல ஆண்டுப் பிணக்குக்குப் பின், 1940-ஆம் ஆண்டை ஒட்டி மூன்றும் ஒன்றிணைந்தன. ஸ்ரீ தியாகப்பிரம்ம மகோத்சவ சபை உருவாயிற்று. ஆண்களும் பெண்களும் ஒரே பந்தலில் அமர்ந்து பஞ்சரத்னம் பாடும் இன்றைய முறை இந்த இணைப்புக்குப் பின்னரே நிலைபெற்றது. பூசலில் பிரிந்திருந்தவர்களைச் சேர்த்து வைத்த கோஷ்டி அது.

நாகரத்தினம்மாள் கடைசி நாட்களைத் திருவையாற்றிலேயே கழித்து 1952-இல் மறைந்தார். சுவாமிகளின் சந்நிதியை நோக்கியவாறு அவருடைய சமாதியும், கைகூப்பிய திருவுருவமும் அமைந்துள்ளன. சுவாமிகளைத் தரிசித்துத் திரும்புவோர், அந்த அம்மையாரின் முன்னும் ஒரு கணம் நின்று வணங்கிச் செல்வது முறை.

மூத்த அன்பர்கள் சிலர், “இளமையில் பாடினோம், இப்போது குரல் போயிற்று, கேட்பதோடு சரி” என்பார்கள். அவர்களுக்கே இந்த யாத்திரையைச் சிறப்பாகப் பரிந்துரைக்கிறோம். தனியே பாடும்போது நடுங்கும் குரல், ஆயிரம் குரல்களின் நடுவே நடுங்குவதில்லை. மூச்சு முட்டும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பாட்டு நிற்காது, அருகிலிருப்பவர் அதை ஏந்திச் செல்வார். அடுத்த அடியில் மீண்டும் சேர்ந்துகொள்ளலாம்.

செல்ல விரும்புவோர் முதல் நாளே தஞ்சாவூரிலோ திருவையாற்றிலோ தங்கிவிடுவது நலம். காலை ஒன்பது மணியளவில் கோஷ்டி கானம் தொடங்குவது வழக்கமாதலால், விடியற்காலையிலேயே ஐயாறப்பரைத் தரிசித்துவிட்டுப் பந்தலுக்கு வந்துவிட வேண்டும். தரையில் அமர இயலாதவர்கள் துணையோடு வருவது நல்லது. குடிநீரும், வேளை தவறாமல் உண்ண வேண்டிய மருந்தும் கையோடு இருக்கட்டும். ஐந்து கிருதிகளும் நிறைவுற ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். கூட்டம் கலைந்த பின் மெதுவாக எழுந்து காவிரியைத் தரிசிக்கலாம்.

பயணம் இயலாதவர்களும் வருந்த வேண்டியதில்லை. வானொலியும் தொலைக்காட்சியும் கோஷ்டி கானத்தை ஆண்டுதோறும் இல்லந்தோறும் கொண்டு சேர்க்கின்றன. அன்று காலை பூஜை அறையில் விளக்கேற்றி, சாஹித்யத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ளோரையும் அருகே அமர்த்திக்கொண்டு பாடலாம். மாதம் ஒரு கிருதி என்று இன்று தொடங்கினாலும், ஐந்து மாதங்களில் ஐந்தும் ஓரளவு வாய்க்கு வந்துவிடும். பேத்திக்குத் தாளம் போடக் கற்றுக்கொடுத்துவிட்டால், பாட்டியின் குரல் நிற்கும் இடத்தில் அவள் எடுத்துக்கொள்வாள்.