மஞ்சள் சீட்டு

போன மாதம் ஒரு நாள் ரேஸ்கோர்ஸில் காலை நடையை முடித்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். "சார், பாஸ்வேர்டு குடுப்பீங்களா, மாட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பாமலே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. கம்பெனியில் ஒன்பது வருஷம் எனக்குத் தலைவலியாக இருந்த மார்க்கெட்டிங் மேலாளர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், அவரும் இப்போது ரிடையர்டு.

அவர் எந்தப் பாஸ்வேர்டைக் கேட்டார் என்று சொன்னால்தான் கதை புரியும்.

நான் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் இ.டி.பி. பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து 2011-இல் ஓய்வு பெற்றவன் என்று இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். சம்பளப் பட்டியல், ஸ்டோர்ஸ் கணக்கு, எல்லாம் ஃபாக்ஸ்ப்ரோவில். 1998-இல் முதலாளி ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்குப் போய் வந்தார். வந்ததும் வராததுமாக என்னைக் கூப்பிட்டு, கை நிறைய விசிட்டிங் கார்டுகளை மேஜையில் பரப்பினார். "எல்லாத்துலயும் டபிள்யூ டபிள்யூ டபிள்யூன்னு போட்டிருக்குதுங்க. நமக்கும் ஒண்ணு வேணும்." கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது, ஆகவே என் தலையில் விழுந்தது. யாருக்கும் இதில் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான்.

ஃபிரண்ட்பேஜ் என்ற மென்பொருளை வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்து ஐந்து பக்கம் செய்தேன். முதல் பக்கத்தில் ஸ்தாபகர் படம், அதன் கீழே வலமிருந்து இடமாக ஓடும் 'வெல்கம்'. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண்பலகை கூட உண்டு. (முதல் இருநூறில் நூற்றெண்பது நானேதான்.) அடியில் 'கடைசியாகத் திருத்திய தேதி' என்று ஒரு வரி. அந்த வரி பின்னால் என்னைக் கடிக்கும் என்று அப்போது தெரியாது.

2002-இல் இந்த மார்க்கெட்டிங் தம்பி வந்து சேர்ந்தார். எம்.பி.ஏ., துறுதுறுப்பு. வந்த வாரமே, "சார், வெப்சைட் நம்ம கடை வாசல். கடை வாசலைச் சரக்கு விக்கிறவன்தானே பாக்கணும்? நீங்க கரண்ட் மட்டும் பாத்துக்குங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கரண்ட் பார்க்கிற ஆளா நான்?

அவரும் லேசுப்பட்டவரில்லை. முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லி ஒரு படம் கொடுத்தார், நாலு எம்.பி. அந்தக் காலத்து 56 கே மோடத்தில் விநாடிக்கு ஐந்து கிலோபைட் வந்தாலே பெரிய விஷயம். கணக்குப் போட்டுக் காட்டினேன்: பக்கம் திறக்கப் பதின்மூன்று நிமிஷம். "டீலர் அதுக்குள்ள பஸ் ஏறி நேராவே வந்துடுவாருங்க" என்றேன். அன்றைக்கு ஜெயித்தது நான்.

அந்த வெற்றி தலைக்கேறியது. வெப்சைட்டில் எதை மாற்ற வேண்டுமானாலும் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். மூன்று பிரதி. வெள்ளை எனக்கு, சிவப்பு முதலாளி ஆபீசுக்கு, மஞ்சள் அனுப்பியவருக்கு. சிவப்பை நானே அனுப்புவதாக ஏற்பாடு. பாஸ்வேர்டு என் மண்டைக்குள் மட்டும். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த அவர்கள் ஒரு வாரம் காத்திருந்தார்கள். பாதுகாப்பு, வைரஸ் என்று காரணம் சொன்னேன். அதில் பாதி நிஜம். மீதிப் பாதி எது என்று உங்களுக்குத் தெரியும்.

2003 மார்ச். எங்களுக்கு வருஷக் கடைசிக் கணக்கு, பம்பு வியாபாரத்துக்கோ கோடை சீசன். ஒரு சப்மெர்சிபிள் மாடலை மாற்றியிருந்தார்கள். அதே குதிரைத்திறன், ஸ்டேஜ் குறைவு. தண்ணீர் அதிகம் தள்ளும், ஆனால் அத்தனை உயரம் ஏற்றாது. மாடல் பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அட்டவணையை மாற்றச் சொல்லிச் சீட்டு வந்தது. கணக்கு முடியட்டும் என்று வெள்ளைப் பிரதியையும் சிவப்பையும் டிராயரில் போட்டேன். பத்தொன்பது நாள் கிடந்தது.

ஏப்ரல் நடுவில் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு டீலர் வந்தார். கூடவே ஒரு விவசாயி, ஐம்பது வயதிருக்கும், செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தார். டீலர் எங்கள் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, அதைப் பார்த்து மோட்டாரைக் கொடுத்திருக்கிறார். நானூறு அடியில் இறக்கியாயிற்று. சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மேலே வரவில்லை. இருபதடிக் குழாய் இருபதையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்து, கூலி கொடுத்து, இப்போது மறுபடியும் இறக்க வேண்டும். நடுவில் பத்து நாள். தக்காளி பூ எடுத்திருந்த நேரம்.

அவர் சத்தம் போடவில்லை. மடித்த காகிதத்தைப் பிரித்து என்னிடம்தான் நீட்டினார். "இதுல போட்டிருக்கறது நெசந்தானுங்களே?" என்று கேட்டார். அடியில் தேதி இருந்தது. போன வருஷத் தேதி.

மோட்டாரை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள், கூலியையும் கொடுத்தார்கள். தக்காளிக்கு யார் கொடுப்பது?

முதலாளி மாலையில் கூட்டம் போட்டார். "புது மாடல் வந்தா உடனே விவரம் குடுக்கறதில்லையா?" என்று மார்க்கெட்டிங் தம்பியைப் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரம் வசவு. தம்பியின் முன்னால் அவருடைய ஃபைல் இருந்தது. அதிலிருந்து மஞ்சள் காகிதத்தின் ஓரம் எட்டிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அவர் எடுக்கவில்லை. "இனிமே பாத்துக்கறேனுங்க" என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து முதலாளியே, வெப்சைட் இனி மார்க்கெட்டிங் கையில் என்று சொல்லிவிட்டார். ஒரு கவரில் பெயரும் பாஸ்வேர்டும் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அவர்கள் ஒரு விளம்பர ஏஜென்சியிடம் ஒப்படைத்தார்கள். ஏஜென்சி, கம்பெனிப் பெயரையே தங்கள் சர்வருக்குத் திருப்பியது. ஒரு பெயர்ப் பலகையில் 'கடைக்கு இந்தப் பக்கம், தபாலுக்கு அந்தப் பக்கம்' என்று இரண்டு வரி இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பலகையில் தபால் வரியை எழுதவில்லை. கம்பெனிக்கு வர வேண்டிய மெயில் அத்தனையும் நின்றது. வெளிநாட்டு விசாரணைகள் உட்பட, இரண்டு நாள். அந்த வரி இருப்பது கம்பெனியில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல மறந்துவிட்டேன் என்றுதான் அன்றைக்குச் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் இருவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தோம். கம்பெனிப் பெயர், அதை வருஷா வருஷம் புதுப்பிப்பது, மெயில், பேக்கப் எல்லாம் எங்களிடம். பக்கத்தில் என்ன எழுதுவது, எந்தப் படம், எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அவர்களிடம், அதற்கென்று தனிப் பாஸ்வேர்டோடு. தொழில்நுட்ப அட்டவணையை மட்டும் டிசைன் பிரிவு பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். புதுப்பிப்பதை நான் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்டே பாஸ்போர்ட் டாட் காம் என்ற தன் பெயருக்கு 35 டாலர் கட்ட மறந்து, ஹாட்மெயில் தடுமாறி, யாரோ ஒரு புரோகிராமர் தன் கார்டில் கட்டி உதவினார். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்.

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு கடையில் காபி சாப்பிட்டோம். இருபது வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"தம்பி, அன்னிக்கு அந்த மஞ்சள் சீட்டை ஏன் எடுத்துக் காட்டலை?"

சிரித்தார். "எடுத்திருந்தா, என் அடுத்த சீட்டை நீங்க எந்த வருசம் பாத்திருப்பீங்க சார்?"

கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "நானும் ஒண்ணு கேக்கறேன். அந்த ரெண்டு நாள் மெயில் நின்னுச்சே, நெசமாவே மறந்துட்டீங்களா?" என்றார்.

இன்னும் இரண்டு காபி சொன்னேன்.