கிழக்கேகோட்டை முதல் குமரிமுனை வரை: கனரக குரூஸருக்கு ஒரு சோதனைச் சாலை

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையில் தொடங்கி, கரமனை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு கன்னியாகுமரியில் முடியும் பழைய சாலை ஏறத்தாழ 85 கிலோமீட்டர் நீளமுடையது. சேலம்–கன்னியாகுமரி நெடுஞ்சாலையின் தென்பகுதியாக நெடுங்காலம் 47 என்ற எண்ணைத் தாங்கியிருந்த இவ்வழி, 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் வகுக்கப்பட்டபோது, பன்வேலிலிருந்து மேற்குக் கடற்கரையை ஒட்டி இறங்கிவரும் 66-ஆம் எண் நெடுஞ்சாலையில் சேர்ந்தது. ஊர்களுக்குள் நுழையாத நான்குவழிச் சாலை ஒன்று தனியாக அமைக்கப்பட்டுவருகிறது. ஆனால், இருசக்கர வண்டிகளுள் எடைகூடிய வகைகளில் ஒன்றாகிய கனரக குரூஸரை வாங்க எண்ணுவோர் அதன் குணங்களையும் குறைகளையும் அறிந்துகொள்ள, ஊர்களின் நடுவே வளைந்தும் ஏறியும் இறங்கியும் செல்லும் பழைய வழியே தக்கது.

குரூஸர் என்பது அமெரிக்காவின் நீண்ட நேர்ச்சாலைகளுக்கென உருவான மோட்டார் சைக்கிள் வகை. தாழ்ந்த இருக்கை, முன்னோக்கி நீட்டிவைக்கும் கால்மிதிகள், அகன்ற கைப்பிடி, முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே அதிகத் தூரம், குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த முறுக்குவிசை தரும் பெரிய எஞ்சின் ஆகியவை இதன் அடையாளங்கள். மில்வாக்கியில் 1903-இல் தொடங்கப்பட்ட ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தின் பெயரே உலகெங்கும் இவ்வகையை நினைவூட்டுவது. இந்தியாவில் நேரடியாகத் தொழில் நடத்திவந்த அந்நிறுவனம் 2020-இல் அதை நிறுத்தி, விற்பனையை ஹீரோ மோட்டோகார்ப்பிடம் ஒப்படைத்தது. அதன்பின், எட்டக்கூடிய விலையில் இத்தகைய வண்டி வேண்டியோர் பார்வை பெரும்பாலும் சென்னையை நோக்கித் திரும்பியது. 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் ஆலை அமைத்து 350 சி.சி. புல்லட்டைச் செய்யத் தொடங்கிய என்ஃபீல்டு, இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய ஆலைகளை நடத்துகிறது. அந்த ராயல் என்ஃபீல்டு 2022 நவம்பரில் மிலான் கண்காட்சியில் அறிமுகப்படுத்தி, 2023 ஜனவரியில் விற்பனைக்குக் கொண்டுவந்த சூப்பர் மீட்டியர் 650 என்ற வண்டியே இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. அதன் எஞ்சின் 648 சி.சி. கொள்ளளவுள்ள இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். உச்சத் திறன் 47 குதிரைத்திறன். உச்ச முறுக்குவிசை 52.3 நியூட்டன் மீட்டர். இருக்கையின் உயரம் 740 மில்லிமீட்டர். எண்ணெயும் எரிபொருளும் நிரப்பிய நிலையில் எடை 241 கிலோ.

இவ்வண்டியைப் பத்திரிகையாளர்கள் முதன்முதலாக ஓட்டிப் பார்த்தது ராஜஸ்தானின் ஜெய்சல்மேர்ப் பகுதியில். பாலைநிலத்து நேர்ச்சாலை குரூஸரின் பிறந்த வீடு போன்றது; அங்கே அது தன் நிறைகளை மட்டுமே காட்டும். மாறாக, குமரிக்குச் செல்லும் இந்தப் பழைய சாலையில் நூறடி நேராகச் செல்வதற்குள் ஒரு வளைவோ ஒரு மேடோ ஒரு பேருந்தோ குறுக்கிடும். வாங்குவோர் நாள்தோறும் ஓட்டப்போவது இத்தகைய சாலையில்தான் என்பதால், இங்கே கிடைக்கும் விடையே அவர்களுக்குப் பயன்படும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரும் அவருக்குப்பின் கார்த்திகைத் திருநாள் ராமவர்மரும் எழுப்பிய கோட்டையின் கிழக்கு வாயிலை ஒட்டி வளர்ந்த இடமே கிழக்கேகோட்டை. பத்மநாபசுவாமி கோயிலுக்குச் செல்வோர், நகரப் பேருந்துகளைப் பிடிக்க ஓடுவோர், திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருப்பெற்றதும் தமிழ் வணிகர் பலரை நெடுநாளாகக் கொண்டிருப்பதுமான சாலைக் கடைவீதிக்குச் சரக்கு இறக்க வருவோர் என அனைவரும் ஒரே சந்திப்பில் குவிகின்றனர். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் வேண்டுதலுக்காகச் சிதறும் தேங்காய்களின் ஓசை ஒருபுறம், வரிசையை விட்டு விலகிவரும் அரசுப் பேருந்தின் ஒலிப்பான் மறுபுறம் கேட்க, வண்டிகள் மனிதர் நடக்கும் வேகத்திலேயே நகர்கின்றன. கனரக குரூஸரின் முதல் தேர்வு இங்கேதான் நடக்கிறது. பலர் தோற்பதும் இங்கேதான்.

காரணம் எளிது. ஓடும் வண்டியைச் சக்கரங்களின் இயக்கம் நிமிர்த்தி வைக்கிறது. நிற்கும் வண்டியை ஓட்டுநரின் கால்களும் கைகளுமே தாங்கவேண்டும். வண்டியின் எடைமையம் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்திலும், கைப்பிடி 90 சென்டிமீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், 241 கிலோ எடையுள்ள வண்டி 10 பாகை சாயும்போது அதைத் தடுத்து நிறுத்தக் கைப்பிடியில் சுமார் 23 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 20 பாகையில் அது 46 கிலோவாகவும், 30 பாகையில் 67 கிலோவாகவும் உயரும். ஆகவே முதல் சில பாகைகளுக்குள் பிடித்தவர் தப்புவார், அதைக் கடக்கவிட்டவர் வண்டியைத் தரையில் கிடத்துவார். இவ்விடத்தில் தாழ்ந்த இருக்கை பெரும் துணை. சராசரி உயரமுள்ளவரின் இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிவதே 241 கிலோவைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. நகரும்போது, ஓட்டுநர்கள் ஹாஃப் கிளட்ச் என்று சொல்லும் முறை, அதாவது கிளட்சை முழுமையாக விடாமல் பாதிப் பிடிப்பில் வைத்து, எஞ்சினின் இழுப்பைப் பின்பிரேக்கின் மெல்லிய அழுத்தத்தோடு எதிர்நிறுத்தி ஊர்ந்து செல்லும் முறை, இன்றியமையாதது. முன்பிரேக்கைத் திடீரெனப் பிடித்தால், கைப்பிடி திரும்பிய நிலையில் முழு எடையும் ஒருபக்கம் சரிந்துவிடும்.

இந்தியச் சட்டம் இத்தேர்வுக்கு யாரையும் ஆயத்தப்படுத்துவதில்லை. கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான உரிமம் ஒன்றே 100 சி.சி. வண்டிக்கும் 1,800 சி.சி. வண்டிக்கும் போதும், 18 வயதில் அதைப் பெற்றவர் மறுநாளே எந்த எடையையும் ஓட்டலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இடைநிலை உரிமம் உடையவர் 35 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வண்டியைத் தொட இயலாது. அத்தகைய படிமுறை இங்கே இல்லாததால், விற்பனையகத்தின் சோதனை ஓட்டமே ஒருவர் வாழ்வில் முதல்முறை 200 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியில் அமரும் தருணமாகிவிடுகிறது. ஒத்திகையும் தேர்வும் ஒரே நேரத்தில் நிகழ்வது நல்ல ஏற்பாடன்று.

அட்டக்குளங்கரையிலிருந்து கிள்ளிப்பாலத்தை அடைந்து, கரமனை ஆற்றைக் கடந்ததும் சாலை விரிகிறது. கரமனையிலிருந்து முதலில் பிராவச்சம்பலம் வரையும், பின்னர் பாலராமபுரத்தை ஒட்டிய கொடிநடை வரையும் அகலப்படுத்தப்பட்ட இப்பகுதியில்தான் வண்டி முதன்முறையாக மூன்றாம், நான்காம் கியர்களைக் காண்கிறது. சூப்பர் மீட்டியரின் இரு பிஸ்டன்களும் 270 பாகை இடைவெளியில் இணைக்கப்பட்டிருப்பதால் வெடிப்புகள் சமநேரத்தில் நிகழாமல், அமெரிக்க வி-வடிவ எஞ்சினைப் போன்ற ஏற்ற இறக்கமுள்ள துடிப்பைத் தருகின்றன. கியரைக் குறைக்காமலே கைப்பிடியைச் சற்று முறுக்கினால் வண்டி அடக்கமாக முன்னேறும் பண்பை இப்பகுதி நன்கு உணர்த்துகிறது. ஆனால் பாலராமபுரம் சந்திப்பில் அகலம் தீர்ந்து, பழைய நெருக்கடி திரும்புகிறது. திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் நெசவாளர்களால் புகழ்பெற்ற இவ்வூரில், கைத்தறிக் கடைகளின் முன்னே நிறுத்திய கார்களுக்கும் எதிரே வரும் பேருந்துக்கும் இடையில் 890 மில்லிமீட்டர் அகலமுள்ள வண்டியை நுழைப்பது பொறுமையைச் சோதிக்கும். ஸ்கூட்டர்கள் புகும் சந்துகளில் எல்லாம் குரூஸர் புகாது என்பதை வாங்குவோர் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நலம்.

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரையிலும், அங்கிருந்து குழித்துறை வரையிலும் உள்ள பகுதியே இச்சாலையின் உயிர்ப்பகுதி. செம்மண் மேடுகளும் இடையிடையே ஆற்றுப் பள்ளங்களும் கொண்ட நிலத்தில் சாலை இயல்பாகவே ஏறி இறங்கி வளைகிறது; வளைவின் உட்புறத்தில் ஒரு மதிற்சுவரோ ரப்பர் தோட்டமோ பார்வையை மறைக்கிறது; மறைவிலிருந்து பாறைப்பொடி ஏற்றிய டிப்பர் லாரி வெளிப்படுகிறது. வளைவில் வண்டி எவ்வளவு சாயவேண்டும் என்பது எடையைப் பொறுத்ததன்று, வேகத்தையும் வளைவின் ஆரத்தையும் மட்டுமே பொறுத்தது. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ 23 பாகைச் சாய்வு போதும். அதே வளைவில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு 33 பாகை வேண்டும். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே 135 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள தாழ்ந்த வண்டியில் அந்த அளவுக்கு முன்பே கால்மிதி தரையில் உரசத் தொடங்கக்கூடும். பத்து கிலோமீட்டர் வேக வேறுபாடு தாழ்ந்த வண்டிக்கு இவ்வளவு பொருளுடையதென்பதை நேர்ச்சாலைச் சோதனை ஒருபோதும் கற்பிக்காது. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, திரும்பவேண்டிய பக்கத்துக் கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளி வண்டியைச் சாய்க்கும் எதிர்த்திருப்ப முறையில், அகன்ற கைப்பிடி நல்ல நெம்புகோலாகிறது. முன்சக்கரம் 19 அங்குல விட்டம் உடையதால் திருப்பம் நிதானமாகவே நிகழ்கிறது. மழைக்காலத்தில் ஓட்டுநர் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் இந்நிலத்தை நனைக்கின்றன.

இதே சாலையில் ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் ஓர் ஊர்வலம் எதிர்த்திசையில் வருகிறது. பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருமேனிகள் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, கால்நடையாகவே கிழக்கேகோட்டையை அடைகின்றன. வரவேற்க இரு மாநிலத்து மக்களும் சாலையோரம் குத்துவிளக்கேற்றி நிற்கிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது களியக்காவிளை எல்லையானது; ஆயினும் இச்சாலையின் பழைய உறவை அந்த எல்லை அறுக்கவில்லை. ஊர்வலம் வரும் நாளில் அதற்கு வழிவிட்டு ஊர்ந்து செல்லும் வண்டியின் எஞ்சின் சூடு தொடைகளை எட்டும். காற்றாலும் எண்ணெயாலும் மட்டுமே குளிர்விக்கப்படும் எஞ்சினைப் பற்றி ஒருவர் அறியவேண்டியதை அந்த அரைமணி நேரம் சொல்லிவிடும்.

குழித்துறையில் தாமிரபரணி ஆற்றைக் கடந்து மார்த்தாண்டத்தை அடைந்தால், 2019-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட நீண்ட இரும்பு மேம்பாலம் கடைவீதிக்கு மேலே வண்டியைத் தூக்கிச் செல்கிறது. பாலத்தின் இணைப்பிடங்கள் பின் அதிர்வுத்தாங்கிகளுக்கான தேர்வு. பின்சக்கரம் மேலும் கீழும் அசைய 101 மில்லிமீட்டர் மட்டுமே இடமுள்ளதால், தனியாக ஓட்டுபவரின் முதுகுத்தண்டுக்கு அதிர்வு நேராக வந்து சேர்கிறது. முன்புறத்துக் கவிழ்த்த வகைத் தாங்கிகளோ அதே இணைப்பை எளிதாக விழுங்கிவிடுகின்றன. இந்த ஏற்றத்தாழ்வே இவ்வண்டியின் மெய்யான குறை. பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றிப் பார்த்தாலன்றி அதன் முழு அளவு தெரியாது.

அழகியமண்டபம், தக்கலை வழியாகச் செல்லும்போது, திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் சற்று உள்ளே ஒதுங்கி நிற்கிறது. புலியூர்க்குறிச்சியில் சாலையை ஒட்டியே உதயகிரிக் கோட்டை, 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையை நவீனப்படுத்திய டச்சுத் தளபதி டி லனோயின் கல்லறையைத் தன்னுள் கொண்டிருக்கிறது. வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் கடந்து நாகர்கோவிலை அடையும்வரை சாலை புதிதாக எதையும் கேட்பதில்லை.

நாகர்கோவிலுக்குத் தெற்கே நிலம் சட்டென்று மாறுகிறது. நாஞ்சில் நாட்டு நெல்வயல்களும் சுசீந்திரத்துக் குளங்களும் திறந்த வெளியாக விரிய, ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று இங்கும் பக்கவாட்டில் வீசுகிறது. இதில்தான் எடை முதன்முறையாக நன்மையாகிறது. 130 கிலோ வண்டியைத் தள்ளிவிடும் காற்று 241 கிலோ வண்டியை அசைத்துவிட்டு விட்டுவிடுகிறது. நீண்ட அச்சிடைத் தூரம் நேரோட்டத்தைக் காக்கிறது. அதே எடை நிறுத்தும்போது கணக்குக் கேட்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி தாமதித்துப் பிரேக் பிடிப்பவர், உலர்ந்த சாலையிலும் ஏறத்தாழ 36 மீட்டர் சென்றே நிற்பார். இரு சக்கரங்களிலும் உள்ள ஏ.பி.எஸ். என்னும் பூட்டுத்தடுப்பு அமைப்பு சக்கரம் வழுக்காமல் காக்குமேயன்றி, இத்தூரத்தைச் சுருக்கித் தராது.

கன்னியாகுமரியில் இச்சாலை, ஸ்ரீநகரிலிருந்து வரும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையைச் சந்திக்கிறது. நெடும்பயணத்துக்குக் கிளம்பும் கனரக வண்டிகள் பல படமெடுத்துக்கொண்டு புறப்படும் இடம் இது. இவ்வளவையும் எந்த விற்பனையகமும் சோதனை ஓட்டமாகத் தராது என்பது உண்மைதான். 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு-சேவை வரி 40 விழுக்காடாகிவிட்ட நிலையில், தவறான தேர்வின் விலையும் உயர்ந்திருக்கிறது. ஆகவே கனரக குரூஸர் வாங்க எண்ணும் வாசகர்கள், கடையைச் சுற்றிவரும் சில நிமிட ஓட்டத்தோடு திருப்தியடையாமல், நெரிசலில் ஊர்வது, மேட்டில் நிறுத்திப் புறப்படுவது, நெருங்கிய வளைவில் சாய்வது, பின்னே ஒருவரை அமர்த்தி ஓட்டுவது ஆகிய நான்கையும் கேட்டுப் பெறவேண்டும். அதற்கு மறுக்கும் இடத்தில் முன்பணம் கட்டவேண்டாம்.